ஆபத்தைத் தேடிப் போன அதிகாரி

"இந்த நடைப் பயணம் நடக்காது. நடக்க விடமாட்டேன்."

பல் தேய்த்துக்கொண்டே எடுத்த சபதம். வாய் நிறைய நுரை இருந்ததால் குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும்தான் அது புரிந்தது. கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அவரை எதிர்த்துப் பேசாத ஒரே ஜீவன் அதுதான்.

அவர் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே அவருக்குப் பெயர் 'ஹெல்மெட்'. அதைத் தலையிலிருந்து அவர் கழற்றிப் பார்த்தவர்கள் இல்லை. அதனால்தான் முடி கொட்டியது என்று தொழிலாளிகளில் ஒரு கட்சி. கொட்டியதை மறைக்கத்தான் கழற்றுவதில்லை என்று இன்னொரு கட்சி. ஆனால் இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அவர் பொறுப்புக்கு வந்த நாள் முதல் அங்கே ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அவர் தலை தூரத்தில் தெரிந்தாலே ஏணியில் நிற்பவர் இறங்கி, ஏணியைச் சரியாகச் சாய்த்துவிட்டு, மறுபடி ஏறுவார்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. கன்னம் வீங்கி, கண்ணில் நீர் வழிய, "இப்பவே டாக்டரைப் பார்த்தாகணும்" என்று குதித்துக்கொண்டு வருகிறவர்களை, "உட்காருங்க, கூப்பிடறேன்" என்ற இரண்டே வார்த்தையில் உட்கார வைப்பவள். அப்படிப்பட்டவளுக்கு, வலியே இல்லாமல் குதிக்கிற ஒரு கணவன் எந்த மூலைக்கு?

விஷயம் இதுதான். அந்த அடுக்குமாடிக் கட்டடத்துப் பெண்கள் தினமும் காலையில் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி நடப்பார்கள். சுற்றி அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டில் ஆரம்பித்து, கடைத்தெரு வழியாகப் பழைய பாலத்தைத் தாண்டி, அருங்காட்சியகம் வரை நடந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். திட்டம் போட்டது ஹெல்மெட்டின் மனைவி.

இது ஹெல்மெட்டுக்குத் தெரிந்தது லிஃப்டில். எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "ஐயோ, உங்ககிட்ட சொல்லலையா சார்?" என்று வேறு கேட்டாள். அந்தச் 'சொல்லலையா' ஊசி மாதிரி இறங்கியது. ஊரில் உள்ள ஏணிகளெல்லாம் அவரைக் கேட்டுத்தான் சாய்கின்றன. சொந்த வீட்டில் ஒரு கூட்டமே ஊர்வலம் கிளம்புகிறது, அவரிடம் ஒரு வார்த்தை இல்லை!

பல் தேய்த்து முடித்த கையோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எங்கேயோ போறீங்களாமே?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்னென்ன ஆபத்து இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லலை."

"இந்தா பாரு, கூட்டமா வெளியே போனா முதல்ல இடர் மதிப்பீடு பண்ணணும்."

"இடறினா மதிப்பீடா? விழுந்தா எவ்வளவு மார்க் போடுவீங்க?"

"விளையாடாதே! அருங்காட்சியகத்துல கருங்கல் படி. செங்குத்தா இருக்கும். கைப்பிடி உறுதியா இருக்கான்னு யாருக்குத் தெரியும்? கைப்பிடி சரியில்லைன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"கைப்பிடிச்சது சரியில்லைன்னா என்ன ஆகும்னு எனக்கா தெரியாது?" என்று அவள் குக்கரை மூடினாள்.

"மழை பேஞ்சா தரை வழுக்கும்."

"வழுக்கையைப் பத்தி நீங்க பேசாதீங்க."

"தீ பிடிச்சா? அவசரத்துக்குத் தப்பிக்கிற வழி எங்கே இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"இந்த வீட்டுலயே அது எங்கே இருக்குன்னு ரொம்ப வருஷமா தேடிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஹெல்மெட் தோற்றுப்போகிற ஆள் இல்லை. தலைமையைச் சாய்க்க முடியாவிட்டால் தொண்டர்களைக் கலைப்பது என்று தீர்மானித்தார். மறுநாள் காலை, நடந்து களைத்த பெண்கள் கீழே லிஃப்ட் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, மனைவி மட்டும் முன்னால் மாடிக்குப் போய்விட்ட நேரம் பார்த்து இறங்கினார். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும் குரலை எடுத்தார். கடைத்தெருவில் பின்னால் வரும் வண்டி, நடைபாதையில் பெயர்ந்த கல், பாலத்தில் காற்று, கூட்டத்தில் காணாமல்போகும் பை, கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்தால் உடையும் கண்ணாடி. ஒவ்வொன்றாகக் கையாலேயே நடித்துக் காட்டினார். கண்ணாடி உடைகிற இடத்தில் தையல்காரம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாகக் கீழ்வீட்டு அக்காவிடம் வந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அந்த அம்மா வாசல் கேட்டைத் தாண்டியதே இல்லை. ஹெல்மெட்டின் மனைவிதான் பேசிப் பேசி முதலில் கேட்டுவரை, அப்புறம் தெருமுனைவரை என்று கூட்டிப்போய் நடக்க வைத்தவள். இந்தப் பயணத்துக்காக அக்கா புதுசாக ஷூகூட வாங்கியிருந்தார்.

"அக்கா, பெரிய ரோட்டுல சிக்னல் இருக்கு. நீங்க பாதி தூரம் போகும்போது விளக்கு மாறிடுச்சுன்னு வைங்க. முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் வர முடியாது. ரெண்டு பக்கமும் லாரி. என்ன பண்ணுவீங்க?"

அக்கா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா வரவில்லை என்று செய்தி வந்தது. அக்கா இல்லாமல் நானும் இல்லை என்றாள் தையல்காரம்மா. இன்னும் சிலர் 'பார்க்கலாம்' என்றார்கள். 'பார்க்கலாம்' என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். ஹெல்மெட் வெற்றி நடை போட்டுப் படியிறங்கி வந்தார். அக்கா வீட்டு வாசலில், கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக ஷூப் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நடை கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் பாதுகாப்பு முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா வரலையாம்."

"நல்ல முடிவு."

"அந்த சிக்னலை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? எல்லா சிக்னலும் ஒண்ணுதான்."

"அருங்காட்சியகத்துப் படி?"

"படி படிதானே?"

"அப்போ எதையுமே பார்க்காமத்தான் அவ்வளவு பேரையும் பயமுறுத்தினீங்க. தொழிற்சாலையிலயும் இப்படித்தானா? ஆபீஸ்ல உட்கார்ந்துட்டே ஏணி சரியில்லைன்னு எழுதுவீங்களா?"

பிசைந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். இருபது வருஷப் பேரைத் தொட்டுவிட்டாளே! "நேர்ல பார்க்காம நான் ஒரு வரி எழுதினதில்லை. வேணும்னா போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்!"

"வேண்டாம். போகாதீங்க. அங்கெல்லாம் தனியா போனா வம்பு."

போகாதே என்று மனைவி சொன்ன பிறகு போகாமல் இருக்க அவரால் முடியுமா?

மறுநாள் தொழிற்சாலைக்கு வயிற்றுவலி என்று போன் செய்தார். வீட்டில் தொழிற்சாலைக்குப் போவதாகச் சொன்னார். தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி. பையில் அளவு டேப்பும் டார்ச்சும். மணிக்கூண்டில் போய் இறங்கும்போது அவர் முகத்தில் போருக்குப் போகிற களை இருந்தது.

போரில் எதிரியைத்தான் காணோம். நடைபாதையில் பெயர்ந்த கல்லைத் தேடினார், புதுக்கல் பதித்திருந்தார்கள். கடைத்தெருவில் வண்டியைத் தேடினார். வண்டி நுழையாமல் குறுக்கே கம்பி நட்டிருந்தார்கள். பாலத்தில் காற்று வாங்கிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க அவருக்கு எதிராகச் சதி செய்து பத்திரமாக இருந்தது.

பெரிய ரோட்டு சிக்னல்தான் கடைசி நம்பிக்கை. கீழ்வீட்டு அக்கா எப்படி நடப்பாரோ அப்படியே நடந்து பார்த்தால்தானே நேரம் போதுமா என்று தெரியும்? ஒரு காலை இழுத்து, இடுப்பில் கை வைத்து, மெதுவாக இறங்கினார். இரண்டு எட்டு வைப்பதற்குள் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதி, நாலா பக்கமும் வண்டிகளை நிறுத்தி, ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வாங்க ஐயா. அவசரமே இல்லை."

"நீங்க விடுங்க, எனக்கு நேரம் பார்க்கணும்…"

"நேரம் எல்லாருக்கும் சரியில்லைதான் ஐயா. மனசைத் தளர விடாதீங்க."

அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். காவலர் உதவியில்லாமல் சோதிக்க வேண்டுமே என்று ஹெல்மெட் மறுபடி இழுத்து இழுத்துத் திரும்பினார். இந்த முறை ஒரு கல்லூரிப் பெண் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை இரண்டு பக்கமும் இரண்டு பேர். கடைசியில் ஒருவழியாக யார் கண்ணிலும் படாமல் தனியாகக் கடந்தார். அக்காவின் நடையில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, தொப்பியைச் சரிசெய்து, திரும்பிப் பார்த்த பிறகுதான் விளக்கு மாறியது. ஹெல்மெட்டுக்கு ஏமாற்றம். விறுவிறுவென்று அருங்காட்சியகத்தை நோக்கி நடந்தார். சற்று முன் நொண்டிய மனிதர் இப்படி நடப்பதைப் பார்த்து போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் வேலையை ஆரம்பித்தார். படியின் உயரத்தை டேப்பால் அளந்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை, அவர்தான் அசைந்தார். ஒவ்வொரு கதவையும் போட்டோ எடுத்தார். ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்தார். பழைய நாணயங்கள் வைத்த கண்ணாடிப் பெட்டியை விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டார்.

மீசை வைத்த தலைமைக் காவலர் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றார். விவரம் கேட்க ஆள் கிடைத்ததே என்று ஹெல்மெட்டுக்குச் சந்தோஷம்.

"இந்தக் கண்ணாடி சீக்கிரம் உடையுமா?"

"எதுக்குக் கேட்கறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான். இங்கே மொத்தம் எத்தனை காவலர்?"

"ஏன், போதாதா?"

"எல்லாரும் ஒரே நேரத்துலயா சாப்பிடப் போவீங்க? அந்த நேரத்துல இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்களோ?"

மீசை லேசாகத் துடித்தது. "அப்புறம்?"

"கேமரா எல்லாம் வேலை செய்யுதா, சும்மா மாட்டியிருக்கா? பின்பக்கக் கதவை வெளியே இருந்து திறக்கலாமா? ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டமா வரப்போறோம். எதுவும் ஆச்சுன்னா எந்த வழியா வேகமா வெளியே போறதுன்னு…"

"வாங்க சார்" என்றார் மீசைக்காரர் ரொம்ப மரியாதையாக. "எல்லாம் உட்கார்ந்து விவரமா பேசலாம்."

காவலர் அறைக்குள் போய் உட்கார்ந்து, பின்னால் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஹெல்மெட்டுக்கு உறைத்தது.

"நான் பாதுகாப்பு அதிகாரி!"

"அப்படியா? அடையாள அட்டை?"

அட்டை வீட்டில் இருந்தது. தொழிற்சாலைக்குப் போன் செய்யலாம். ஆனால் அங்கே அவர் வயிற்றுவலியில் படுத்திருக்கிறார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மேஜைமேல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் டேப், டார்ச். அவருக்கே தன்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது உண்டா சார்?"

வேறு வழியில்லாமல் மனைவியின் எண்ணைச் சொன்னார்.

அவள் வந்தாள். பல் மருத்துவமனை ஊரின் அடுத்த கோடியில். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாள் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கூடவே அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மாவும் வந்தார்.

"இவரை உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார் மீசைக்காரர்.

முன்பதிவு இல்லாமல் வந்த நோயாளியைப் பார்ப்பதுபோல அவள் நிதானமாகப் பார்த்தாள். "பார்த்த மாதிரிதான் இருக்கு."

"ஏய்! என்ன விளையாட்டு இது?"

"இருங்க, யோசிக்கறேன். என் வீட்டுக்காரர் சாயல் இருக்கு. ஆனா அவர் இந்நேரம் தொழிற்சாலையில இருப்பார். கறுப்புக் கண்ணாடியும் போடமாட்டார். போட்டா படி தெரியாது, ஆபத்துன்னு சொல்வார்."

"நான்தாம்மா! சத்தியமா நான்தான்!"

"எதுக்கு இங்கே வந்தீங்க?"

"சிக்னல், படி, எல்லாம் நேர்ல பார்க்கத்தான்."

"பார்த்தீங்களா? எப்படி இருக்கு?"

ஹெல்மெட் யோசித்தார். பொய் சொல்லலாம். கண்ணாடி ஆடுகிறது, கைப்பிடி கழன்றுவிட்டது என்று அள்ளி விடலாம். ஆனால் பார்த்ததை மாற்றிச் சொன்ன பழக்கம் அவருக்குக் கிடையாது. அந்தக் கர்வத்தில்தானே இவ்வளவு தூரம் வந்தார்?

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் தரையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்தார். "ஒண்ணு மட்டும் சரியில்லை. பின்பக்கம் அவசரக் கதவு முன்னாடி நாற்காலியா அடுக்கி வெச்சிருக்கீங்க. தீ பிடிச்சா ஒருத்தரும் வெளியே போக முடியாது. என்னைப் போலீஸ்லயே குடுங்க. முதல்ல அந்த நாற்காலியை எடுங்க."

பொறுப்பாளர் அம்மாவின் முகம் மாறியது. தானே எழுந்து போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. மீசைக்காரர் டேப்பைச் சுருட்டி ஹெல்மெட்டின் கையில் கொடுத்தார்.

மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நல்ல மாதிரிதான். ஆனால் வந்த வேலையை விடவில்லை. போனை எடுத்துக் கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் நீட்டினாள்.

"சொல்லுங்க. உங்க வாயாலயே."

"அக்கா… நான்தான் பேசறேன். அந்த சிக்னல்… நேரம் தாராளமா இருக்கு."

"நிஜமாவா தம்பி? நீங்கதானே லாரின்னு சொன்னீங்க?"

"உங்க மாதிரியே காலை இழுத்து நடந்து பார்த்தேன் அக்கா. ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்தப் பக்கம் போய் நின்ன பிறகுதான் விளக்கு மாறுது. தடுமாறினா பிடிச்சுக்க ஆளும் ஓடி வராங்க."



"எனக்காகவா நடந்து பார்த்தீங்க?" என்றார் அக்கா. "அப்போ நான் வரேன் தம்பி. நீங்களே சொல்லிட்டீங்க, இனி எனக்கு என்ன பயம்? ஷூவை இன்னும் திருப்பிக் குடுக்கலை."

எதைக் கெடுக்க ஹெல்மெட் நடந்தாரோ அது அவர் காலாலேயே நடந்துவிட்டது. ஆனால் அது தோல்வி மாதிரி இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தானும் கூட வருவதாகவும், பாதுகாப்புப் பொறுப்பைத் தானே ஏற்பதாகவும் அறிவித்தார். "தாராளமா வாங்க" என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் முன்னால் நடந்தார். "இடது பக்கமா வாங்க! பையை முன்னாடி மாட்டுங்க! யாரும் பேசிட்டே நடக்காதீங்க!" எல்லாரும் பேசிக்கொண்டேதான் நடந்தார்கள். சிக்னலில் அக்காவின் பக்கத்தில் அவரே நின்றார். அக்கா கடந்து முடித்து, நடைபாதையில் ஏறி, திரும்பிப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். போக்குவரத்துக் காவலர் ஹெல்மெட்டைப் பார்த்து, "கால் எப்படி ஐயா இருக்கு?" என்று கேட்டதைத் தவிர வேறு சம்பவம் எதுவும் இல்லை.

அருங்காட்சியக வாசலில் மீசைக்காரர் ஹெல்மெட்டின் மனைவிக்கு ஒரு சலாம் வைத்தார். பெண்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார். ஹெல்மெட் வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"மன்னிக்கணும் சார். அன்னிக்கே உங்க போட்டோவை எல்லா அறைக் காவலருக்கும் அனுப்பிட்டோம். இந்த ஆளை உள்ளே விடாதேன்னு. வாபஸ் வாங்க மேலிடத்துக்கு எழுதியிருக்கோம். பதில் வரணும்."

"நான்தான் இந்தக் கூட்டத்துக்கே பாதுகாப்பு!"

"அதனால என்ன சார்? இங்கேயே இருந்து பாதுகாக்கலாம்." பைகளை வாங்கி வைக்கும் இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது. தயாராகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கைப்பைகள், குடைகள், தண்ணீர் பாட்டில்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிந்தன. ஹெல்மெட் நடுவில் உட்கார்ந்தார்.

மீசைக்காரருக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. குனிந்து, "தப்பா நினைக்காதீங்க சார். அன்னிக்கு நாங்களா பிடிக்கலை. அம்மா முந்தின நாளே போன் பண்ணிட்டாங்க" என்றார்.

"எந்த அம்மா?"

"உங்க வீட்டு அம்மாதான். 'ஒருத்தர் வருவார். டேப் வெச்சு அளப்பார். சாப்பாட்டு நேரம் எப்போன்னு கேட்பார். நல்ல மனுஷர்தான், பயப்படாதீங்க. கொஞ்ச நேரம் உட்கார வைங்க, நான் பக்கத்துலயே இருப்பேன், கூப்பிட்டதும் வந்துடறேன்'னாங்க. அப்படியே நடந்துது சார், ஒரு வார்த்தை பிசகலை. இன்னிக்கு இந்த ஸ்டூலும் அவங்க சொன்னதுதான்."

ஹெல்மெட் எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் இருந்த பைகள் விடவில்லை. கைப்பிடியைப் பிடித்து மெல்ல மெல்லப் படியேறிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பின்னால், ஒரு கை தாங்கினபடி மனைவி நின்றிருந்தாள்.

"ஏய்! அப்போ எல்லாம் உன் வேலைதானா?"

அவள் திரும்பினாள். பல் மருத்துவமனைச் சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"உட்காருங்க. கூப்பிடறேன்."

மீசைக்காரர் பைகளுக்கு வரிசையாக டோக்கன் போட்டு அவளிடம் நீட்டிவிட்டு, ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். "சாருக்கும் ஒரு டோக்கன் போடட்டுமாம்மா?"

"வேண்டாம்ங்க," என்றாள் அவள் படியேறிக்கொண்டே. "அவரை வேற யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க."